இருநூற்றைம்பதா, முந்நூறா? ஒரு பீமுக்கு வந்த மூன்று விடைகள்

பல்லடம் பக்கம் என் மாமாவுக்கு ஒரு பழைய விசைத்தறி ஷெட் இருக்கிறது. தறிகளை விற்றுப் பல வருடம் ஆயிற்று. இப்போது அது பனியன் துணி குடோன். தரையெல்லாம் துணி ரோல், தலைக்கு மேலே ஒன்றுமில்லை. அந்த உயரம் சும்மா கிடக்கிறதே என்பது மாமாவின் வெகுநாள் வருத்தம். இரும்பில் ஒரு மாடித்தட்டு போட்டு நூல் பெட்டிகளை மேலே ஏற்றிவிட்டால், வெளியே பிடித்திருக்கும் வாடகை குடோனைக் காலி செய்துவிடலாம் என்று முடிவு செய்தார். சுவருக்குச் சுவர் 6 மீட்டர். இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி இரும்புத் தூண்கள், 1.8 மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே ஐ பீம் (ஆங்கில ‘I’ வடிவ இரும்பு உத்தரம்), அதன்மேல் செக்கர்டு பிளேட் என்ற சொரசொரப்பான இரும்புத் தகடு. ஷெட்டின் நீளம் 18 மீட்டர் என்பதால் மொத்தம் பதினொரு பீம்.

“மாப்ளே, இருநூத்தம்பதா முன்னூறா, அதை மட்டும் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார். இருநூற்றைம்பது, முந்நூறு என்பது ஐஎஸ்எம்பி வகை பீமின் உயரம், மில்லிமீட்டரில்.

கட்டுமான இன்ஜினியரான என்னிடம் வருவதற்கு முன்பே அவர் இரண்டு பேரிடம் கேட்டிருந்தார். வெல்டிங் பட்டறைக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை: “அடிக்கு அரை இஞ்சுங்க. இருபது அடிக்குப் பத்து இஞ்சு. இருநூத்தம்பது போதுமுங்க.” அடுத்து, மாமா பையனுடைய சிநேகிதன், சிவில் முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்திருப்பவன், லேப்டாப்பில் சாப்ட்வேர் ஓட்டிக் காட்டினான்: இருநூற்றைம்பது, நடுவில் தொய்வு 4.4 மி.மீ., எல்லாம் பச்சை நிறம். நான் ஒரு பில் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டேன். எனக்கு வந்த தொய்வு 22 மி.மீ. அனுமதி 20.

ஒரே பீம், ஒரே சுமை. 4.4-க்கும் 22-க்கும் சரியாக ஐந்து மடங்கு. அந்த ஐந்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா சிரிக்கவில்லை.

எந்த பீம் வாங்குவது என்பதோடு, எந்தக் கணக்கை நம்புவது என்பதையும் அன்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் சுமை. பொருள் அடுக்கி வைக்கும் இடத்துக்கு, அடுக்கும் உயரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சதுர மீட்டருக்கு 2.4 கிலோ நியூட்டன், எப்படிப் பார்த்தாலும் 7.5-க்குக் குறையக் கூடாது என்கிறது ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலையின் இரண்டாம் பகுதி. ஒரு கிலோ நியூட்டன் ஏறக்குறைய நூறு கிலோ. அதாவது சதுர மீட்டருக்கு 750 கிலோ. வீட்டு அறைக்கு இதே தரநிலை சொல்வது 2 கிலோ நியூட்டன்தான். “அவ்வளவெல்லாம் நான் ஏத்த மாட்டேன்” என்றார் மாமா. ஆர்டர் நெருக்கடியில் அவர் குடோன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாசற்படியில்கூடப் பெட்டி நிற்கும். 7.5-ஐ 1.8 மீட்டரால் பெருக்கினால் பீமின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 13.5 கிலோ நியூட்டன். பிளேட், அதைத் தாங்கும் சிறு ஜாயிஸ்டுகள், பீமின் சொந்த எடை எல்லாம் சேர்ந்து இன்னொரு 1.4.

இந்தச் சுமைக்கு இருநூற்றைம்பது உடையாது. மொத்தம் 14.9 கிலோ நியூட்டனுக்கு நடுவில் வரும் பெண்டிங் மொமென்ட், அதாவது பீமை வளைக்கப் பார்க்கும் திருப்புவிசை, 67 கிலோ நியூட்டன் மீட்டர், பாதுகாப்புக்கு 1.5-ஆல் பெருக்கினால் 100. அந்த பீமின் தாங்குதிறன் 106-க்குப் பக்கம். நூலிழையில் தேறிவிடுகிறது. (பீமின் மேல் தகடு பக்கவாட்டில் பிசகாமல் இருந்தால்தான் அந்த 106. செக்கர்டு பிளேட்டைப் பற்றவைத்து முடிக்கும்வரை மேலே பெட்டி ஏற்றாதீர்கள் என்று தனியாகச் சொல்லி வைத்தேன்.) இடிக்கிற இடம் தொய்வு. விரிசல் விடாத வகைத் தளமாக இருந்தால், மேலே ஏற்றும் சுமையால் வரும் தொய்வு நீளத்தில் 300-இல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது இரும்புக் கட்டுமானத்துக்கான 2007-ஆம் வருடத்து ஐஎஸ் 800. டைல்ஸ் மாதிரி விரிசல் விடுவது என்றால் 360-இல் ஒரு பங்கு. 6,000 மி.மீ.க்கு முறையே 20-உம் 16.7-உம். தொங்குகிற தளத்தில் டிராலி தானாகவே நடுவுக்கு உருண்டு வரும், பிளேட் வெல்டிங் விடும், நடக்கிறவனுக்குக் கால் கூசும். உடைவதற்கு வெகு முன்பே ஒரு தளம் வீணாகப் போய்விடும்.

இப்போது பட்டறைக்காரருடைய “அடிக்கு அரை இஞ்சு”. படித்தவர்கள் இதைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். நான் பிதுக்க மாட்டேன். அடிக்கு அரை இஞ்சு என்றால் நீளத்தை 24-ஆல் வகுத்தது பீமின் உயரம் என்று பொருள். இதற்குள் ஒரு நல்ல இயற்பியல் ஒளிந்திருக்கிறது. சீரான சுமையில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் பீமுக்குத் தொய்வுக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் இது: 24-இல் 5 பங்கு, பெருக்கல் இரும்பில் ஏறும் தகைவுக்கும் (ஒரு சதுர மி.மீ. தாங்கும் விசை) யங் குணகத்துக்கும் (அந்தப் பொருளின் விறைப்பு) உள்ள விகிதம், பெருக்கல் நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். இதில் சுமையும் இல்லை, பீமின் குறுக்கு வெட்டு வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்று காட்டும் ‘ஐ’ மதிப்பும் இல்லை. இரும்பை அதன் முழு அளவுக்கு வேலை வாங்குகிறீர்கள் என்றால், எவ்வளவு தொங்கும் என்பதை நீளமும் உயரமும் மட்டுமே முடிவு செய்துவிடுகின்றன. 24 மடங்கு நீளம், சதுர மி.மீ.க்கு 165 நியூட்டன் தகைவு என்று போட்டால் தொய்வு நீளத்தில் 242-இல் ஒரு பங்கு வரும். 20 மடங்கு நீளம் என்றால் 291-இல் ஒரு பங்கு. ஆக, இரும்பு லேசாக வேலை செய்கிற இடத்தில் அந்த வாய்ப்பாடு சரி. வீட்டு மாடி, பரண், கடை லாப்ட் எல்லாம் அப்படித்தான். வீட்டுச் சுமையை இதே இருநூற்றைம்பதின் மேல் வைத்தால் தொய்வு 6 மி.மீ.கூட வராது. அவர் இத்தனை வருடம் போட்ட மாடிகள் ஒன்றும் ஆகாமல் நிற்பதன் ரகசியம் இதுதான். வாய்ப்பாடு சுமையைக் கேட்பதே இல்லை. கனமான குடோனுக்கு வரும்போது அது காலை வாரிவிடுகிறது.

அடுத்தது கையேட்டுச் சூத்திரம், நான் பின்னட்டையில் போட்டது. ஐந்து பெருக்கல் சுமை பெருக்கல் நீளத்தின் நான்காம் அடுக்கு. கீழே 384 பெருக்கல் ஈ பெருக்கல் ஐ. ‘ஈ’ என்பது யங் குணகம், இரும்புக்கு சதுர மி.மீ.க்கு 2 லட்சம் நியூட்டன். ‘ஐ’ என்பது குறுக்கு வெட்டின் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா. கையேட்டில் இருநூற்றைம்பதுக்கு 5,131.6 செ.மீ. நான்கடுக்கு என்று இருக்கும், மி.மீ.க்கு மாற்றினால் 5.13 கோடி. (பதிப்புக்குப் பதிப்பு இந்த எண்களில் சின்ன வேறுபாடு உண்டு, முடிவு மாறாது.) பத்தாயிரத்தால் பெருக்கும் இந்த இடத்தில்தான் மாணவர்கள் முக்கால்வாசிப் பேர் வழுக்குவார்கள். விடை 0.002 மி.மீ. என்றோ 222 மீட்டர் என்றோ வரும்; அதைப் பார்த்துவிட்டும் அடிக்கோடு போடுவார்கள். சுமை 13.5, நீளம் 6,000, எல்லாவற்றையும் போட்டால் 22.2 மி.மீ. கால்குலேட்டரில் ஒரு நிமிடம்.

இந்தச் சூத்திரத்தில் நான் நேரம் எடுத்துப் பார்க்கச் சொல்வது நான்காம் அடுக்கைத்தான். சுமை இரட்டித்தால் தொய்வு இரட்டிக்கும், அவ்வளவுதான். நீளம் இரட்டித்தால் பதினாறு மடங்கு. 6 மீட்டரை 7 ஆக்கினால் 1.85 மடங்கு, 6 மீட்டரை 5 ஆக்கினால் பாதிக்கும் கீழே. காங்கேயத்தில் என் அப்பிச்சி வீட்டுத் தொட்டிக்கட்டில் உத்தரங்களெல்லாம் குட்டை குட்டையாக இருக்கும், நடைக்கு நடை தூண் நிற்கும். பந்து விளையாடும்போது அந்தத் தூண்கள் எனக்குப் பெரிய இடைஞ்சல். நான்காம் அடுக்கைப் படித்த பிறகுதான் அந்த ஆசாரியின்மேல் மரியாதை வந்தது. அவருக்குச் சூத்திரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீளமான மரம் தொங்கும் என்பது கண்ணுக்குத் தெரியும். தூண் தள்ளி நின்ற ஒரே ஒரு விட்டம் மட்டும் வருடத்துக்கு வருடம் இறங்கிக்கொண்டே வந்தது வேறு கதை: மரம் சுமையை வெகுகாலம் தாங்கினால் மெல்ல மெல்லத் தளரும். இரும்புக்கு நம் ஊர் வெயிலில் அந்தத் தொல்லை இல்லை.

சூத்திரத்தின் குறை என்ன? வழக்கமான சுமைக்குத்தான் அது இருக்கும். மாமா ஒரு யோசனை வைத்திருந்தார்: சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி ஒரு டன் ஹாய்ஸ்ட் (பாரம் தூக்கும் கருவி) மாட்ட வேண்டுமாம். இதற்கு மெக்காலே முறை பொருத்தம். இந்தியாவுக்கு 1835-இல் ஆங்கிலக் கல்விக் குறிப்பு எழுதிய மெக்காலே அல்ல. இவர் 1919-இல் பீம் தொய்வைப் பற்றிக் கட்டுரை எழுதிய டபிள்யூ. எச். மெக்காலே. சுமை மாறும் ஒவ்வொரு இடத்திலும் தனித்தனிச் சமன்பாடு எழுதி ஒட்டவைக்கும் வேலையை அவர் ஒரே வரியாக்கினார். அடைப்புக்குறிக்குள் எதிர்மறை வந்தால் அந்த உறுப்பைச் சுழியம் என்று எடுத்துக்கொள், அவ்வளவுதான் வித்தை. இரண்டு முறை தொகையிட்டால் இரண்டு மாறிலிகள், இரண்டு முனையிலும் தொய்வு சுழியம் என்று போட்டால் இரண்டும் கிடைத்துவிடும். முந்நூறு பீமுக்கு அந்த ஹாய்ஸ்ட் தரும் தொய்வு அதிகபட்சம் 2.25 மி.மீ.; சரியாக நடுவில் பார்த்தால் 2.23. வேறுபாடு நூற்றுக்கு ஒன்று. இது இந்தக் கணக்கின் அதிர்ஷ்டம் அல்ல. இருபக்கமும் சாதாரணமாக உட்கார்ந்த பீமில் ஒற்றைச் சுமையை எங்கே வைத்தாலும், அதிகத் தொய்வு வரும் இடம் நடுவிலிருந்து நீளத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் நகராது. ஆகவே அதிகபட்ச இடத்தைத் தேடி வகையிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நடுவில் பாருங்கள், போதும். பரீட்சையில் மட்டும் தேடுங்கள், அதற்கு மார்க் உண்டு.

ஜெர்மானிய இன்ஜினியர் ஓட்டோ மோர் 1868-இல் கொடுத்த மொமென்ட் ஏரியா முறையை நான் வைத்திருப்பது ஒரே வேலைக்கு: நடுவில் மட்டும் தகடு பற்றவைத்துக் கனமாக்கிய பீம், அல்லது முனைக்கு முனை உயரம் குறையும் கான்டிலீவர் (ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் நீட்டிய பீம்). ‘ஐ’ மாறிக்கொண்டே போகிற இடத்தில் படம் போட்டுப் பரப்பு எடுப்பது எளிது. யூனிட் லோடு என்ற இன்னொரு முறை ட்ரஸுக்கு, அதாவது முக்கோணம் முக்கோணமாகக் கோத்த சட்டத்துக்கு. நம் ஷெட்டுக்கு இரண்டும் வேண்டாம்.

சரி, சாப்ட்வேர். அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவன் செய்த தவறை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் செய்திருக்கிறேன். ஒரு கோடு வரைந்தான், பீம் அளவு கொடுத்தான், சுமை கொடுத்தான். முனைகளில் என்ன தாங்கல் என்று சாப்ட்வேர் கேட்டது. “ரெண்டு பக்கமும் பிக்ஸடு குடுத்தாத்தானுங்கண்ணா எரர் இல்லாம ஓடுச்சு” என்றான். பிக்ஸடு என்றால் முனை கொஞ்சம்கூடச் சுழலாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று பொருள். அப்படிப் பிடித்தால் சூத்திரத்தின் தலையில் இருக்கும் 5 போய் 1 வந்துவிடும். கீழே அதே 384. அதனால்தான் சரியாக ஐந்து மடங்கு. மெஷின் தப்புக் கணக்குப் போடவில்லை. கேட்ட கேள்விக்கு மிகச் சரியான பதில் சொல்லியிருக்கிறது, கேள்விதான் வேறு பீமைப் பற்றியது.

நிஜத்தில் அந்த முனை எப்படி இருக்கப் போகிறது? பட்டறைக்காரரைக் கேட்டேன். “ரெண்டு ஆங்கிள் வச்சு நாலு போல்ட்டுங்க.” பீமின் நடுத்தகட்டை மட்டும் பிடிக்கும் அந்த ஆங்கிள், பீமைக் கீழே விழாமல் தாங்கும், சுழலுவதைத் தடுக்காது. ஆக, 22-தான் நிஜத்துக்கு அருகில். முழுக்கப் பற்றவைத்து, கெட்டித் தகடு வைத்து இறுக்கினால் 4.4 கிடைக்காதா என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. அப்படிச் செய்தால் ஒவ்வொரு முனையிலும் 45 கிலோ நியூட்டன் மீட்டர் மொமென்ட் தூணுக்குள் இறங்கும். ஒரு மீட்டர் நீளக் கையின் நுனியில் நாலரை டன்னைத் தொங்கவிட்டது போல. மாமா வாங்கி வைத்திருந்த தூண் மெல்லிய சதுரக் குழாய். அது வளையும், வளைந்தால் முனை சுழலும், சுழன்றால் அது பிக்ஸடு இல்லை. இணைப்பும் தூணும் அடிப்பலகையும் அஸ்திவாரமும் சேர்ந்து எவ்வளவு இறுக்கமோ, அதற்கேற்ப விடை 4.4-க்கும் 22-க்கும் இடையில் எங்கோ நிற்கும். இதைக் கண்டுபிடிக்கத்தான் சாப்ட்வேர் உண்மையிலேயே தேவை: தூணோடு சேர்த்து முழு பிரேமாக வரைய வேண்டும். ஒற்றை பீமுக்கு அதைத் திறப்பது, முட்டை உடைக்கச் சம்மட்டி எடுத்த கதை.

எனக்கு வந்த தீர்ப்பு இப்படி. எந்த முறையில் போட்டாலும், ஒரே பீமைப் பற்றி ஒழுங்காகக் கேட்டால், விடை ஒன்றுதான். மெக்காலேயும் மோரும் மெஷினும் 22.2 என்றுதான் சொல்வார்கள். முறையை மாற்றினால் நேரம் மிச்சமாகலாம், துல்லியம் அதிகமாகாது. முனையில் என்ன போல்ட், மேலே எவ்வளவு சுமை என்ற இரண்டு அனுமானங்களில்தான் ஐந்து மடங்கு, ஆறு மடங்கு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. ஆகவே சைட்டுக்குப் போகுமுன் சூத்திரத்தில் ஒரு முறை. சுமை வழக்கத்துக்கு மாறானால் மெக்காலே. தூணும் பீமும் சேர்ந்து நின்றால் சாப்ட்வேர், அதுவும் சூத்திர விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் முனைகளைச் சந்தேகப்படுவேன், அப்புறம் அலகுகளை.

இனி பீம். மாமாவின் கேள்விக்கு நேர் பதில் முந்நூறு. அதன் ‘ஐ’ 8.6 கோடி, தொய்வு 13.2 மி.மீ.; 16.7 என்ற கடுமையான வரம்புக்குள்ளும் வந்துவிடுகிறது. எடையைப் பாருங்கள். இருநூற்றைம்பது மீட்டருக்கு 37.3 கிலோ, முந்நூறு 44.2 கிலோ. இரும்பு நூற்றுக்குப் பதினெட்டரைப் பங்குதான் கூடுகிறது, விறைப்பு அறுபத்தெட்டுப் பங்கு கூடுகிறது. பீமுக்கு 41 கிலோ, பதினொரு பீமுக்கு 455 கிலோ கூடுதல். இரும்பு விலை என்ன விற்றாலும் இது நல்ல பேரம். கனம் சேர்ப்பதைவிட உயரம் சேர்ப்பது லாபம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கடையில் கிடைக்காது. குறை ஒன்றுண்டு: கீழே தலை இடிக்கும் உயரம் 50 மி.மீ. குறையும். பழைய தறி ஷெட்டில் அதுவும் கணக்குத்தான்.

நடுவில் ஒரு தூண் வைத்தால்? நீளம் 3 மீட்டராகிவிடும், பதினாறில் ஒரு பங்கு தொய்வு. மீட்டருக்கு 14.9 கிலோ மட்டுமே உள்ள நூற்றைம்பது பீம்கூட 9.8 மி.மீ.யில் நின்றுவிடும், அனுமதி 10. ஒரே துண்டாக 6 மீட்டர் பீமைத் தூணின்மேல் ஓடவிட்டால் இன்னும் நல்லது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் பெட்டி ஏற்றி மறுபக்கம் காலியாக விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க மறக்கக் கூடாது. இரு பக்கமும் ஏற்றியபோது 4 மி.மீ. இருந்தது அப்போது 7 ஆகும். வாங்க வேண்டிய பீம் இரும்பு பாதிக்கும் கீழே. எண்களை மட்டும் பார்த்தால் இதை வெல்ல எதுவுமில்லை. ஆனால் நடுத்தூண் ஒவ்வொன்றிலும் நாலரை முதல் ஐந்தரை டன் இறங்கும், பதினொரு குழி தோண்ட வேண்டும், அதுவும் குடோனின் நட்டநடுவில். “ட்ராலி எங்க போகும்?” என்று ஒரே கேள்வியில் மாமா இதை முடித்துவிட்டார்.

கான்கிரீட் பீம் போடலாமே என்று பக்கத்துக் கம்பெனிக்காரர் சொன்னாராம். 230-க்கு 450 என்று ஒரு பீம் எடுத்தால், விரிசல் விடாத கணக்கில் அது முந்நூறு இரும்பைவிட இரண்டரை மடங்கு விறைப்பு. விரிசல் விடாத கான்கிரீட் பீம் பாடப்புத்தகத்தில்தான் உண்டு. அப்புறம், சுமை நிற்க நிற்கக் கான்கிரீட் தளரும். 28-ஆம் நாளில் சுமை ஏற்றினால் அந்தத் தளர்ச்சிக் குணகம் 1.6 என்கிறது கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456. அதாவது அன்று 1 மி.மீ. தொங்கியது கடைசியில் 2.6 ஆகலாம். அதையும் சேர்த்துத்தான் 250-இல் ஒரு பங்கு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 6 மீட்டர் வரை பீமுக்கு அடியில் கொடுத்த முட்டுக்கால்களை 14 நாள் பிரிக்கக் கூடாது. என் வீட்டுப் போர்ட்டிகோவில் சென்டரிங் சாமான் வாடகை ஏறுகிறது என்று எட்டாம் நாளே பிரித்துவிட்டார்கள், நான் ஊரில் இல்லை. இன்றைக்கும் மழை பெய்தால் தண்ணீர் வெளிப்பக்கம் போகாமல் நுனியில் தேங்குகிறது. கட்டுமான இன்ஜினியர் வீடு என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஓடுகிற குடோனில் சென்டரிங், கியூரிங் என்று ஒரு மாதம் நிறுத்த மாமாவால் முடியாது. கான்கிரீட்டை இத்தோடு விட்டோம்.

முந்நூறு என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பேன். குழிக்குக் குறி போடலாம் என்று ஷெட்டுக்குள் போனபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. தூண்களைச் சுவரை ஒட்டி நிறுத்த வேண்டுமானால், பழைய சுவரின் அஸ்திவாரத்தை ஒட்டியே குழி தோண்ட வேண்டும். அந்தக் காலத்துக் கருங்கல் கட்டு. அதன் பக்கத்து மண்ணை எடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தூணை அரை மீட்டர் உள்ளே தள்ளினால்? குழி சுவரை விட்டு விலகும். பீம் 6 மீட்டர்தான், ஆனால் தூணுக்குத் தூண் 5 மீட்டர்; இரண்டு பக்கமும் அரை மீட்டர் பீம் தூணைத் தாண்டிச் சுவர்வரை நீட்டிக்கொண்டிருக்கும்.

பில் புத்தகத்தை மறுபடியும் எடுத்தேன். 5 மீட்டரின் நான்காம் அடுக்கு, 6 மீட்டருடையதில் 0.48 பங்கு. இருநூற்றைம்பதின் தொய்வு 22.2-இலிருந்து 10.7-க்கு வந்துவிட்டது. 5 மீட்டருக்கு 360-இல் ஒரு பங்கு 13.9, தாராளமாகத் தேறுகிறது. நீட்டிய பகுதியிலும் பெட்டி இருந்தால் அது நடுவைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், இன்னும் அரை மி.மீ. குறையும். தாங்குதிறன் கணக்கிலும் நூலிழை போய் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் வந்தது. 455 கிலோ இரும்பு வாங்க வேண்டாம், தலை உயரமும் குறையவில்லை. பீம் தூணின் தலைமேல் ஓடுவதால் அந்த ஆங்கிள் வேலையும் மாறி, தொப்பித் தகடு வைத்துக் கீழ்த்தகட்டில் போல்ட் போட்டால் முடிந்தது.

ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்த்தேன். நடுவில் சுமை ஏறி நீட்டிய நுனி காலியாக இருந்தால், பீம் தூணின்மேல் சீசா போலத் திரும்பி, நுனி 3.4 மி.மீ. மேலே எழும். பிளேட்டைச் சுவரோடு சேர்த்துப் பூசிவிட்டால் பூச்சு பெயர்ந்து வரும். ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்தச் சொன்னேன். சுவருக்கும் தூணுக்கும் நடுவே கிடைக்கும் அரை மீட்டர் சந்தில் ரேக் அடித்து லேபிள், பட்டன், ஜிப் எல்லாம் வைத்துக்கொள்வதாக மாமா சொன்னார்.

வேலை முடிந்து பெட்டிகள் ஏற்றியபின் ஒருநாள் போய், ஒரு பீமின் அடியில் தூணுக்குத் தூண் நூல் கட்டி நடுவில் அளந்தேன். முக்கால்வாசிச் சுமைதான் இருந்தது. 7 மி.மீ. முழுச் சுமைக்கு 10-க்கு அருகில் வரும் என்ற கணக்குக்குப் பொருத்தமான எண்தான். பட்டறைக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றிருந்தார். டேப்பை நான் மடக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்: “நான்தான் அன்னிக்கே சொன்னேனுங்களே, இருநூத்தம்பது போதும்னு.”